முழுக்க முழுக்கக் காற்றின் வேலை

டோப்பாக்காரருக்கு வயிற்றெரிச்சல் தொடங்கி நான்கு வருடமாகிறது. டாக்டரிடம் காட்டினார். டாக்டர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தார். எரிச்சல் குறையவில்லை. கோளாறு சாப்பாட்டில் இல்லை, சகலையிடம் இருந்தது. மனைவியின் தங்கை புருஷனை மூன்று வேளையும் தவிர்த்துவிடுங்கள் என்று எந்த டாக்டரும் சீட்டு எழுதித் தரமாட்டார்.

டோப்பாக்காரர் கெட்டவரல்ல. இருபத்திரண்டு வருடமாக டோப்பா செய்கிறார். மெல்லிய வலையில் கொக்கி ஊசியால் ஒவ்வொரு முடியாகக் கோத்து, ஒரு தலைக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்வார். அவர் செய்த டோப்பாவை வைத்துக்கொண்டு வழுக்கை நடிகர்கள் சொந்த முடி என்று பேட்டி கொடுத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர் தற்காலிக ஊழியர். வருடா வருடம் ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு வருடம் தற்காலிகமாக இருக்கலாம் என்று. இருபத்திரண்டு கடிதங்களையும் பத்திரமாக வைத்திருந்தார்.

சகலை விசிறி ரிப்பேர் பார்ப்பவர். அவரை வேலைக்குக் கூட்டிவந்ததே இவர்தான். படப்பிடிப்புக் கூடத்தில் ஒரு பெரிய விசிறி நின்றுபோனது. "நம்ம வீட்டு மாப்பிள்ளைதான், நல்ல கைராசி" என்று இவரே வாய்விட்டுச் சொல்லி, இவரே போய் அழைத்துவந்தார். விசிறி சுற்றியது. சகலை அங்கேயே தங்கிவிட்டார். அடுத்த வருடம் நிரந்தரம். அதற்கடுத்த வருடம் காற்றுப் பிரிவின் தலைவர்.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாமனார் வீட்டு நாற்காலியைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தக் கூடத்தில் கை வைத்த பிரம்பு நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. கல்யாணமான நாளிலிருந்து பெரிய மாப்பிள்ளையான டோப்பாக்காரர்தான் அதில் உட்காருவார். சகலை நிரந்தரமான மறு ஞாயிற்றுக்கிழமை, இவர் உட்காரப் போகும் நேரத்தில் மாமனார், "நீங்க இப்படி வாங்க மாப்பிள்ளை" என்றார். வருகிறேன் என்று இவர் நிமிர்ந்தால், மாமனார் பார்த்துக்கொண்டிருந்தது சின்ன மாப்பிள்ளையை. பெரியவருக்கு ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டார்கள். மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியைத் தொடர்ந்து மடித்தாள்.

அன்று தீர்மானித்தார், நிரந்தரம் ஆகவேண்டும், அந்த நாற்காலியில் மறுபடி உட்காரவேண்டும் என்று. வாழ்க்கையில் அவருக்கு வேறு ஆசை இல்லை. சகலை முக்காலியில் உட்காருவதைப் பார்க்கவேண்டும் என்பதைத் தனி ஆசையாகக் கணக்கில் சேர்த்தால்தான் இரண்டு.

அவர்கள் இருவரும் வேலை பார்த்த இடத்துக்குச் சித்திரக்கதை உயிரூட்டு வாரியம் என்று பெயர். மங்கா என்கிற ஜப்பானியச் சித்திரக்கதைப் புத்தகங்களையும், அவற்றை வைத்து எடுத்த அனிமே என்கிற வரைபடப் படங்களையும் எடுத்து, ரத்தமும் சதையுமான மனிதர்களை வைத்து மறுபடி படமாக எடுப்பது அதன் கடமை. முந்தைய இரண்டு படங்களுக்கு ரசிகர்கள் நாற்காலிகளை உடைத்தார்கள். ஏன் உடைத்தார்கள் என்று வாரியம் ஒரு வருடம் ஆராய்ந்து, மூலக்கதையை மாற்றியதுதான் காரணம் என்று கண்டுபிடித்தது. ஆகவே இனி எதையும் மாற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு ரப்பர் முத்திரைகள் செய்தார்கள். ஒன்று, ‘மூலக்கதையில் உண்டு.’ மற்றது, ‘மூலக்கதையில் இல்லை.’ முதல் முத்திரை விழாமல் படப்பிடிப்பில் யாரும் தும்மவும் முடியாது.

அந்த வருடம் எடுத்துக்கொண்டது நாற்பத்தெட்டு பாகங்கள் கொண்ட ஒரு வாள்வீரன் கதை. கண் துணைக்குழு புத்தகத்தில் வீரனின் கண்ணை அளந்தது. முகத்தில் மூன்றில் ஒரு பங்கு. பிறகு நடிகரின் கண்ணை அளந்தது. பதினொன்றில் ஒரு பங்கு. வித்தியாசத்துக்கு நடிகரின் ஒத்துழையாமை என்று குறிப்பு எழுதியது. மூக்கு துணைக்குழு, தூரத்துக் காட்சிகளில் வீரனுக்கு மூக்கே வரையப்படவில்லை என்று கண்டது. அந்தக் காட்சிகளில் நடிகரின் மூக்கின் மேல் மாவு பூசினார்கள். புத்தகத்தில் வீரன் கூச்சப்படும்போதெல்லாம் தலைக்குப் பின்னால் ஒரு பெரிய வியர்வைத் துளி இருக்கும். கண்ணாடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒன்று செய்து, கம்பியில் கட்டி நடிகரின் பின்னால் தொங்கவிட்டார்கள். அவர் நிஜமாகவே வியர்த்தால் ஓடிவந்து துடைத்தார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வாசகர் பிரதிநிதியாக வாரியத்தில் ஓர் அம்மாள் இருந்தார், தபால் நிலையத்தில் வேலை. தான் வந்த முதல் கூட்டத்திலேயே அவர் எழுந்து, "ஐயா, ஜப்பான் புத்தகத்தை வலப்பக்கத்துலேருந்து படிக்கணும். நீங்க கடைசிப் பக்கத்தை முதல் பக்கம்னு நினைச்சுப் படிச்சிருக்கீங்க" என்றார்.

வாரியத் தலைவர் பதறவில்லை. இங்கே வருவதற்கு முன் நில அளவைத் துறையில் இருந்தவர், எதற்கும் பதற மாட்டார்.

"அம்மா, பதினேழு உறுப்பினருங்க ஆறு மாசம் உக்காந்து படிச்சிருக்கோம். பதினேழு பேருமே இடப்பக்கத்துலேருந்துதான் படிச்சோம். ஒருத்தராவது மாத்திப் படிச்சிருந்தா எனக்கும் சந்தேகம் வந்திருக்கும். வரலையே?"

அடுத்த கூட்டத்துக்கு அந்த அம்மாளுக்கு அழைப்பு போகவில்லை. வாரியத்தின் கதையில் வீரன் நரைத்த தலையோடு அறிமுகமாகிறான். செத்துக்கிடக்கும் எதிரிகள் அவன் வாளை உருவியதும் ஒவ்வொருவராக எழுந்து ஓடுகிறார்கள். கடைசிக் காட்சியில் அவன் வாலிபனாகி வீட்டை விட்டுக் கிளம்புகிறான். வாசலில் நின்று அம்மா கூப்பிடுகிறாள், அவன் திரும்பிப் பார்க்காமல் போகிறான். புத்தகத்தின் முதல் பக்கம் அது. வாரியத்தில் அதற்கு உச்சக்காட்சி என்று பெயர். கதை மிகவும் ஆழமாக இருக்கிறது என்று உறுப்பினர்கள் ஒருமனதாகப் பாராட்டினார்கள்.

டோப்பாக்காரருக்குக் கதையைப் பற்றிக் கவலையில்லை. அவர் கவலை வீரனின் முடி. அம்மாள் வராத அந்தக் கூட்டத்தில் தலைவர் ஓர் அறிவிப்பு செய்திருந்தார். "இந்தப் படம் முடிஞ்சதும் கூந்தல் பிரிவுன்னு ஒண்ணு தொடங்கப்படும். அதுக்கு ஒரு தலைவர். நிரந்தரம்." கேட்டதும் டோப்பாக்காரருக்குப் பிரம்பு நாற்காலியின் கை வழவழவென்று கைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. நாற்பத்தெட்டு பாகங்களையும் மடியில் வைத்து, முடியை மட்டும் பார்த்துக்கொண்டு போனார். அப்போதுதான் யாரும் பார்க்காத ஒன்றைக் கண்டுபிடித்தார்.

வீரனின் நெற்றியில் ஒரு முடிக்கற்றை விழுந்து ஒரு கண்ணை மறைக்கும். அவன் இடப்பக்கம் திரும்பி நின்றால் நமக்கு அந்தப் பக்கமாக இருக்கும் கண்ணை மறைக்கும். வலப்பக்கம் திரும்பினாலும் நமக்கு அந்தப் பக்கமாக இருக்கும் கண்ணைத்தான் மறைக்கும். அதாவது அவன் திரும்புவதற்குள் கற்றை இந்தக் கண்ணிலிருந்து அந்தக் கண்ணுக்குத் தாவிவிடுகிறது. காகிதத்தில் முடியும். தலையில் முடியாது.

வாரியத்தில் இதை விளக்கினார். டோப்பா மாட்டும் கட்டைத்தலைகள் இரண்டை மேஜைமேல் வைத்துத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பதினேழு பேரும் வாய் பிளந்து பார்த்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றி, "அருமை" என்றார்.

விவாதம் மூன்று நாள் நடந்தது. இரண்டு டோப்பா செய்வது என்று முடிவானது, இடது டோப்பா, வலது டோப்பா. எந்தக் காட்சியிலும் வீரன் தலையைத் திருப்பக்கூடாது. திருப்பவேண்டுமென்றால் கேமராவை நிறுத்தி, டோப்பாவை மாற்றி, மறுபடி தொடங்கவேண்டும். மாற்ற நாற்பது நிமிஷம். சண்டைக் காட்சிகளில் எதிரிகள் இடப்புறமிருந்து மட்டுமே வரவேண்டும் என்று சுற்றறிக்கை போயிற்று. வலப்புறமிருந்து வந்த ஓர் எதிரி விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றார் மூக்கு துணைக்குழுக்காரர். "அந்தப் பக்கம் இருந்த முடி இந்தப் பக்கம் எப்படி வந்ததுன்னு ஜனங்க கேட்டா?"

கதவோரம் விசிறியின் கம்பியைத் துடைத்துக்கொண்டு நின்ற சகலை வெள்ளந்தியாக, "காத்துல வந்ததுன்னு நினைச்சுப்பாங்க, சார். நான் வேணா நடுவுல ஒரு சுத்து விடறேன்" என்றார்.

தலைவர் எழுந்து நின்றார். "கவனிச்சீங்களா? ஒருத்தர் பிரச்சினையைக் கொண்டுவர்றார். ஒருத்தர் தீர்வைக் கொண்டுவர்றார்."

மறுநாள் காற்றுப் பிரிவுக்குக் கூடுதலாக எட்டு விசிறி வந்தது. சகலைக்கு ஜன்னல் வைத்த அறை கொடுத்தார்கள். டோப்பாக்காரர் அன்று வீட்டுக்குப் போய்க் காரமில்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, விரல்களில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தினமும் சாப்பிட்டதும் பசையை உரிப்பது அவர் வழக்கம். மனைவி உரித்த தோலையெல்லாம் பெருக்கி அள்ளுவாள். அன்றைக்கு நிறைய இருந்தது.

சும்மா இருந்திருக்கலாம். பொறாமைப்பட்டவர்கள் சும்மா இருந்து யார் பார்த்திருக்கிறார்கள்? நான்கு நாள் கழித்து ஒரு புகார் எழுதினார். வீரன் சிறையில் அடைபட்டிருக்கும் காட்சிகளில் சன்னலும் கிடையாது, காற்றுத் துளையும் கிடையாது. அங்கேயும் விசிறி சுற்றுகிறது. மூடிய அறையில் காற்று எப்படி வரும்? இது மூலக்கதைக்குச் செய்யும் துரோகம். தக்க நடவடிக்கை வேண்டும். கையெழுத்துப் போடாமல் அனுப்பினார். வாரியத்தில் டோப்பா முடி ஒட்டிய காகிதத்தை அனுப்பக்கூடியவர் ஒருவர்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

வாரியம் புகாரை முழு மரியாதையோடு எடுத்துக்கொண்டது. சிறைக் காட்சி வரும் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் ஆராய்ந்தது. அத்தனை பக்கத்திலும் வீரனின் முடி பறந்துகொண்டிருந்தது. மூடிய அறையில், தண்ணீருக்கடியில், ஒரு பக்கத்தில் சவப்பெட்டிக்குள்ளேகூடப் பறந்தது. அப்படியானால் மூலக்கதையில் காற்று எங்கும் நிறைந்தது, அதற்குச் சன்னல் தேவையில்லை, இதுவரை போதிய காற்று விடாததுதான் துரோகம் என்று அறிக்கை வந்தது. காற்றுப் பிரிவுக்கு மேலும் பன்னிரண்டு விசிறி. சகலைக்கு இரண்டு உதவியாளர்கள்.

சாயங்காலம் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள். "தங்கச்சி போன் பண்ணா. யாரோ ஒரு புகார் எழுதினாங்களாம், அதனாலதான் அவருக்கு இவ்வளவு உயர்வாம். யாருன்னு தெரிஞ்சா கையெடுத்துக் கும்பிடணும்ங்கறா."

"கும்பிடட்டும்."

"உங்களுக்கு யாருன்னு தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றாள். தெரிந்துகொண்டே கேட்டாள்.

அடுத்ததாக அவர் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனமான காரியம். கதையை வரைந்தவருக்கே நேராகக் கடிதம் எழுதினார். வாரியத்தின் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, கெஞ்சி, ஜப்பானிய மொழியில் மாற்றி அனுப்பினார். ஐயா, நீங்கள் வரைந்த முடி தானாக நிற்கிறதா, காற்றால் நிற்கிறதா? முடி பெரிதா, காற்று பெரிதா? பதிலுக்காக ஐந்து வாரம் காத்திருந்தார். இந்தக் கடிதம் சகலையைத் தரையில் உட்காரவைக்கும் என்று நம்பினார்.

பதில் வாரியத்தின் விலாசத்துக்கு வந்து, தலைவர் கையில் கிடைத்து, கூட்டத்தில் படிக்கப்பட்டது. வரைந்தவர் மிகவும் பணிவாக எழுதியிருந்தார். "காற்று எதுவும் இல்லை. சிறுவயதில் வரையத் தொடங்கியபோது எனக்கு இரண்டு கண்ணையும் ஒரே மட்டத்தில் போட வராது. அந்தப் பக்கத்துக் கண் எப்போதும் கோணிப்போகும். அதனால் முடியை இழுத்துவிட்டு மறைத்தேன். பிறகு அதுவே பழகிவிட்டது. மனிதர்களை வைத்துப் படமெடுக்கும்போது மனிதர்களுக்கு இருப்பது மாதிரி முடி இருந்தால் போதும். நடிகருக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்கும் என்று நம்புகிறேன்."

தலைவர் கடிதத்தை மடித்தார்.

"வேதனையா இருக்கு" என்றார். "நாற்பத்தெட்டு பாகம் வரைஞ்சவர். அவருக்கே மூலக்கதைமேல விசுவாசம் இல்ல. நாம இல்லைன்னா இந்தக் கதையை யார் காப்பாத்துவாங்க?"

கடிதத்தின்மேல் ‘மூலக்கதையில் இல்லை’ என்று முத்திரை குத்தினார்கள். சிறப்புக் காட்சிக்கு அழைக்கவேண்டியவர்கள் பட்டியலில் வரைந்தவரின் பெயர் அடிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் அவருக்குக் கடிதம் எழுதிய தற்காலிக ஊழியர் கண்டிக்கப்பட்டார்.

வெளியே வந்ததும் சகலை ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, மனசுல வெச்சுக்காதீங்க. கூந்தல் பிரிவு வந்தா அது உங்களுக்குத்தான். உங்க டோப்பா இல்லைன்னா என் காத்து எதைப் பறக்கவிடும்?"

எதிரி எதிரியைப் போல நடந்துகொண்டால் எவ்வளவு சௌகரியம்! இந்த மனிதர் அதற்கும் வழிவிடவில்லை. அவர் நல்லவராக இருந்ததுதான் டோப்பாக்காரரை மிகவும் வாட்டியது. ஒருநாளாவது அவர் திமிராகப் பேசமாட்டாரா என்று ஏங்கினார்.

உச்சக்காட்சி எடுக்கும் நாள் வந்தது. புதிதாக வந்த இருபது விசிறியும் வேண்டும் என்று முடிவாகியிருந்தது. காலையில் ஒப்பனை அறையில் நடிகர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். டோப்பாக்காரர் பசை டப்பாவைத் திறந்தார். நெற்றி ஓரம் முழுக்க, காதுக்கு மேல், பின்கழுத்து வரைக்கும் பூசவேண்டும். குச்சி நுனியால் நெற்றியில் ஒரு கோடு இழுத்தார். அப்புறம் கை நின்றுவிட்டது. நிறைய விசிறி, கொஞ்சம் பசை. டோப்பா பறந்தால் யாரைக் கேட்பார்கள்? காற்றை. நிரந்தரம், நாற்காலி எல்லாமே போய்விடும் சகலைக்கு. இருபத்திரண்டு வருடத்தில் அவர் செய்த டோப்பா ஒன்றாவது இடம் நகர்ந்ததாகப் பெயர் கிடையாது. அந்தப் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிஷம் நின்றார். பிறகு டப்பாவை மூடிவிட்டார்.

வாசல் மாதிரி அமைத்த இடத்தில் அம்மாவாக நடிக்கும் அம்மாள் நின்றார். வாழ்நாள் முழுக்க அம்மாவாகவே நடித்துப் பழுத்தவர். வீரன் நடக்கவேண்டும், அவர் கூப்பிடவேண்டும், அவன் திரும்பக்கூடாது. திரும்பக்கூடாது என்று நடிகரிடம் நான்கு பேர் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். விசிறிகள் சுற்றின. நடிகர் நடந்தார். அந்த அம்மாள் வசனத்தில் இருந்தபடி கத்தவில்லை. வாசல்படியைப் பிடித்துக்கொண்டு, கடைக்குப் போகிற பிள்ளையைக் கூப்பிடுவது போல மெதுவாக, "தம்பி, சாப்பிட்டுட்டுப் போயேன்" என்றார்.

நடிகர் திரும்பிவிட்டார்.

திரும்பிய வேகத்தில் இருபது விசிறிக் காற்றும் டோப்பாவுக்கு அடியில் புகுந்தது. டோப்பா தலையை விட்டுக் கிளம்பி, கண்ணாடி வியர்வைத் துளியையும் இழுத்துக்கொண்டு, விளக்குகளைத் தாண்டிப் போய் எங்கோ விழுந்தது. அடியில் நடிகரின் சொந்த முடி, கொஞ்சம் நரைத்து, வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. இரண்டு கண்ணும் தெரிந்தன. இரண்டும் நனைந்திருந்தன. முதல்தடவையாக அவர் முகம் யாரோ ஒரு தாயின் மகனுடையது போலிருந்தது.

இயக்குநர் ‘கட்’ சொல்ல மறந்துவிட்டார். விளக்குக்காரர் மூக்கை உறிஞ்சினார். டோப்பாக்காரருக்கு முதலில் குதூகலம் வந்தது. ஒழிந்தான் சகலை என்று உள்ளுக்குள் கூத்தாடினார். அப்புறம் அந்த முகத்தைப் பார்த்தார். தன் கண்ணும் கலங்குவதை உணர்ந்து, பசையின் நெடி என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டார். அன்று அவர் விரலில் பசையே இல்லை.

வீட்டில் சாப்பிட்டு முடித்து வழக்கம் போல விரல்களை உரிக்கப் போனார். உரிக்க ஒன்றும் இல்லை. மனைவி துடைப்பத்தோடு வந்து நின்று, விரல்களைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. பசையா, காற்றா? டோப்பாக்காரர் மூன்று பக்கத்துக்கு வாக்குமூலம் கொடுத்தார். பசை முழு அளவில் பூசப்பட்டது என்றும், டோப்பா பறந்ததில் தனக்கு அணுவளவும் பங்கில்லை என்றும், இது முழுக்க முழுக்கக் காற்றின் வேலை என்றும் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை கையெழுத்தை மறக்கவில்லை. சகலையின் வாக்குமூலம் இரண்டே வரி. "அண்ணன் பசையில் குறை வைக்கிற ஆள் இல்லை. நான்தான் விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைத்திருப்பேன்." அதைக் கேட்ட அன்று டோப்பாக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறவில்லை.

அந்தக் காட்சியை வெட்டிவிட உத்தரவு போனது. படத்தொகுப்பாளர் வெட்டவில்லை. விசாரணை முடியும்வரை சான்றுகளை அழிக்கக்கூடாது என்று விதி இருந்தது. விசாரணை முடிவதற்குள் சிறப்புக் காட்சிக்கு நாள் குறித்துவிட்டார்கள். சான்று படத்துக்குள்ளேயே தங்கிவிட்டது.

சிறப்புக் காட்சிக்கு ஊழியர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். மாமனாரும் வந்தார். கண்ணாடித் துளி ஆடும்போதெல்லாம் அரங்கம் சிரித்தது. வீரன் வாளை உருவியதும் பிணங்கள் எழுந்து ஓட, சிரிப்பு தாங்காமல் ஒருவர் வெளியே போனார். வலப்புறம் காலியாகக் கிடக்க எதிரிகள் இடப்புறமே வரிசையில் நின்றதைப் பார்த்து மாமனாரே குலுங்கினார். தலைவர் நெற்றியில் கை வைத்தார். டோப்பாக்காரர் சகலையின் பிடரியைப் பார்த்துக்கொண்டு, கடைசிக் காட்சிக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, சாப்பிட்டுட்டுப் போயேன்" என்றது குரல். வீரன் திரும்பினான். டோப்பா போயிற்று. மனிதன் நின்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் யாரோ விம்மினார்கள். விளக்கு வந்தபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார், அரங்கத்தைப் பார்த்தார், மேடையில் ஏறினார்.

"இதைத்தான் வாரியம் ஆரம்பத்துலேருந்தே திட்டமிட்டுச்சு" என்றார். "ரெண்டு மணி நேரம் உங்களைச் சிரிக்க வெச்சது எதுக்கு? இந்த ஒரு நிமிஷத்துக்கு. இதுக்குக் காரணமானவரை நான் இந்த மேடையிலேயே கௌரவிக்க விரும்பறேன்."

டோப்பாக்காரர் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "ஐயா, அது நான்தாங்க!" என்று கத்தினார். "பசையை நான்தான் குறைச்சேன். நெத்தியில மட்டும் ஒரு கோடு இழுத்தேன். என் கையாலதாங்க பறந்தது!"

அரங்கம் திரும்பிப் பார்த்தது. தலைவர் கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவர் எழுதிய மூன்று பக்கத்தையும் ஒலிபெருக்கியில் நிறுத்தி நிதானமாகப் படித்தார். "‘தனக்கு அணுவளவும் பங்கில்லை. இது முழுக்க முழுக்கக் காற்றின் வேலை.’ கையெழுத்து உங்களோடதுதானே?"

"என்னோடதுதாங்க. ஆனா அது பொய்ங்க."

"வாரியத்துக்குக் கொடுத்த வாக்குமூலம் பொய்யா இருக்க முடியாது. பொய் சொன்னவர் வேலையில இருக்க முடியாதுன்னு விதி. நீங்க வேலையில இருக்கீங்களா, இல்லையா?"

டோப்பாக்காரர் மாமனாரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"இருக்கேங்க."

"அப்போ பொய் இல்ல" என்றார் தலைவர். "பாருங்க இந்தப் பெருந்தன்மையை! தனக்குப் பேர் வேண்டாம்னு, சக ஊழியரோட சாதனையை மூணு பக்கத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கார். இவர் வாக்குமூலம் இல்லைன்னா உண்மை நமக்குத் தெரிஞ்சிருக்குமா?"

கைதட்டல் நிற்க வெகுநேரமானது. கூந்தல் பிரிவு காற்றுப் பிரிவோடு இணைக்கப்பட்டு, இரண்டுக்கும் சகலையே நிரந்தரத் தலைவர் என்று அங்கேயே அறிவித்தார்கள். இனி வாரியம் எடுக்கும் எல்லாப் படங்களிலும் உச்சக்காட்சியில் டோப்பா பறக்கவேண்டும் என்று தீர்மானமும் ஆனது. அதற்கான டோப்பாக்களைப் பசையில்லாமல் செய்துகொடுக்கும் பொறுப்பு டோப்பாக்காரருக்கு. இருபத்துமூன்றாவது கடிதம் அடுத்த வாரம் வந்தது. இன்னும் ஒரு வருடம் தற்காலிகம்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனார்கள். போகமாட்டேன் என்று அவர் படுத்துக்கொண்டார். மனைவிதான் சட்டையை எடுத்துவைத்தாள். "பசையைக் குறைச்சது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றாள் வழியில். "விரல் சுத்தமா இருந்ததே."

"ஏன் அப்பவே கேக்கலை?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா? இப்ப ஊரே கேக்கற மாதிரி சொன்னீங்க, ஒருத்தர் நம்பலை. அது போதும் தண்டனை."

கூடத்தில் பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது. சகலை அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், கண்ணில் நீர் முட்டியது. "அண்ணே, இனிமே நான் இதுல உக்காரமாட்டேன். நீங்க எனக்காக எழுதிக்கொடுத்திருக்கீங்க. நீங்க உக்காருங்க." மாமனாரும் தோளில் கை வைத்து, "உக்காருங்க மாப்பிள்ளை. உங்க மனசு யாருக்கும் வராது" என்றார்.

நான்கு வருடம் கழித்து டோப்பாக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பிரம்பு நடுவில் தொய்ந்துபோயிருந்தது. ஒரு கை ஆடியது. ஆணி ஒன்று தொடையில் குத்தியது. கூடத்தின் அந்த மூலையில் ஒரே புழுக்கம். இத்தனை நாளாகச் சகலை இதையெல்லாம் சொல்லவே இல்லையே என்று நினைத்தார்.

சகலை எதிரே ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்து தன் மனைவியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்தது. அதில் அவர் நெற்றி முடி ஒரு கற்றையாக எழுந்து, ஒரு கண்ணின் மேல் விழுந்து, அழகாக நின்றது. டோப்பாக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதையே பார்த்தார். நான்கு வருடம் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தும் அங்கே இவ்வளவு காற்று வரும் என்று அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. மெதுவாக வயிறு எரியத் தொடங்கியது.